வங்கதேசத்தின் உப்பு: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பருவநிலை மாற்றத்தால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்படும் நாடுகளுள் ஒன்று என்று வங்கதேசத்தைக் குறிப்பிட்டு எழுதியிருந்தீர்கள். நான் திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருப்பவன். எங்களுக்கு வங்கதேசம் பாவப்பட்ட நாடாகத் தெரிவதில்லை; எங்கள் ஆர்டர்களைக் கொத்திக்கொண்டு போகும் போட்டியாளராகத்தான் தெரிகிறது. ஐரோப்பாவில் அவர்கள் சரக்குக்கு வரி கிடையாது, நாங்கள் இத்தனை ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டு வருகிறோம். நாடே கடலில் மூழ்கப்போகிறது என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்கிறார்கள். ஆனால் அங்கே புதிய நிலம் உருவாகிவருவதாகவும் படித்தேன். புயலில் சாவோர் தொகையும் வெகுவாகக் குறைந்துவிட்டது. கரைகளைச் சரியாகப் பராமரிக்காததும், இறால் பண்ணைக்காக வயலில் உப்புத்தண்ணீரை விட்டதும் அவர்கள் செய்த வேலை. அதையெல்லாம் பருவநிலையின் கணக்கில் எழுதி உலகத்திடம் பணம் கேட்பது நியாயமா? வேலையாக அடிக்கடி டாக்கா போய்வருகிறேன். நீங்கள் சொல்லும் பாதிப்பு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

ஆர். எம்., திருப்பூர்

அன்புள்ள ஆர். எம்.,

நீங்கள் அடுக்கியிருக்கும் தகவல்கள் எல்லாமே சரியானவை. அவற்றிலிருந்து நீங்கள் வந்து சேரும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மூழ்குவதைப் பற்றிய கேள்விக்கு முதலில் வருகிறேன். கடல் மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் நாட்டில் ஆறில் ஒரு பங்கு நீருக்கடியில் போய்விடும் என்று காட்டும் வரைபடங்கள், நிலத்தை அசையாத தட்டாக வைத்துக்கொண்டு அதன் மேல் தண்ணீரை ஏற்றிப் பார்த்தவை. கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் ஆண்டுதோறும் நூறு கோடி டன் வரை வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் கழிமுகத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மேக்னாவின் முகத்துவாரத்தில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் கரைந்த நிலத்தைவிடச் சேர்ந்த நிலம் அதிகம் என்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. ரோஹிங்கியா அகதிகளில் ஒரு பகுதியினரை 2020 டிசம்பரில் குடியேற்றத் தொடங்கிய பாஷன் சர் என்ற தீவே, 2006 வாக்கில்தான் கடலுக்கு மேல் தலைகாட்டியது.

ஆனால் இந்தக் கணக்கில் சேர்பவரும் இழப்பவரும் ஒரே ஆள் இல்லை. போலா தீவில் ஆறு அறுத்துக்கொண்டு போகும் நிலத்தில் தலைமுறைகளாகப் பண்பட்ட வயலும், குளமும், பாக்குத் தோப்பும், முன்னோரின் கல்லறையும் இருக்கின்றன. வேறோர் இடத்தில் தலைதூக்கும் சேற்றுத் திட்டில் உப்பு கழிந்து நெல் விளைய நீண்ட காலமாகும். சட்டப்படி அது அரசு நிலம், நடைமுறையில் தடியாட்களை வைத்திருப்பவனின் நிலம். மேலும், வண்டல் சேர்வது பெரும்பாலும் நடுக் கடற்கரையில். நான் எழுதிய பாதிப்பு நிகழ்வதோ தென்மேற்கில், குல்னா, சாத்கீரா, பாகேர்ஹாட் மாவட்டங்களில்.

புயலைப் பற்றி நீங்கள் சொல்வதும் உண்மை. அது அந்த நாடு நியாயமாகப் பெருமைப்பட வேண்டிய உண்மை. 1970 நவம்பர் புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தனர். 1991 ஏப்ரலில் ஏறத்தாழ 1,40,000 பேர். 2007இல் சித்ர் புயலில் சுமார் 3,400 பேர். 2020 மே மாதம் ஆம்பன் வந்தபோது, கொரோனா முடக்கத்துக்கு நடுவிலும் 20 லட்சத்துக்கு மேற்பட்டோர் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வங்கதேசத்தில் இறந்தோர் தொகை முப்பதைத் தாண்டவில்லை. 1972இல் தொடங்கிய புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தின் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட தன்னார்வலர்கள், கையில் ஒலிபெருக்கியோடும் எச்சரிக்கைக் கொடியோடும் வீடு வீடாகப் போய் ஆட்களைக் கிளப்பியதால் வந்த பலன் இது. அவர்களில் பாதிப் பேர் பெண்கள். பணக்கார நாடுகளே வந்து கற்றுக்கொள்ள வேண்டிய ஏற்பாடு என்பேன்.

ஆனால் தன்னார்வலர் மனிதரைத்தான் மேட்டுக்குக் கூட்டிப்போக முடியும். வயலையும் குளத்தையும் கூட்டிப்போக முடியாது. 2009 மே 25 அன்று வந்த ஐலா புயலில் வங்கதேசத்தில் இறந்தவர்கள் சுமார் 190 பேர். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அது சிறிய புயல். அன்று சாத்கீராவின் காபுரா போன்ற ஊர்களில் உடைந்த கரைகளைத் திரும்ப அடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அதுவரை ஒவ்வொரு நாளும் இரண்டு முறை ஓதத்தோடு, அதாவது கடலின் ஏற்றத்தோடு, உப்புநீர் ஊருக்குள் ஏறி இரண்டு முறை வடிந்தது. குடும்பங்கள் எஞ்சிய கரையின் மேல் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தன. தென்னையும் பழமரங்களும் நின்றபடியே பட்டன, மாடுகளுக்குப் புல் இல்லை, குடிநீர் படகில் வந்தது. சாவுக் கணக்கில் இதில் எதுவும் ஏறாது.

இனி, ‘அவர்கள் செய்த வேலை’ என்று நீங்கள் சொல்லும் பகுதிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்கவைத்த பகுதி இதுதான்.

அந்தக் கடற்கரையில் 1960களிலும் 70களிலும் 139 போல்டர்கள் கட்டப்பட்டன. போல்டர் என்றால் நாற்புறமும் மண்கரையால் சூழப்பட்ட நிலத் துண்டு. மதகு வழியாக மழைநீரை வெளியே விடலாம், ஓதநீர் உள்ளே வராது. தொடக்கத்தில் நெல் விளைச்சல் பெருகியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் வெள்ளத்தைத் தடுத்த கரை வண்டலையும் தடுத்துவிட்டது. உள்ளே புது மண் சேராத நிலம் ஆண்டுக்காண்டு அமிழ்ந்தது. வெளியே போக்கிடமற்ற வண்டல் ஆற்றின் படுகையிலேயே படிந்து அதை உயர்த்தியது. இன்று பல போல்டர்களின் உள்நிலம் வெளியே சுந்தரவனத்துச் சதுப்பைவிட ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது. 1980களில் பில் டகாத்தியா என்ற பெருந்தாழ்வில் மழைநீர் வடிய வழியில்லாமல் ஆண்டுக் கணக்கில் தேங்கியபோது, 1990இல் ஊர்மக்களே திரண்டு கரையை வெட்டி, ஓதத்தையும் அதோடு வரும் வண்டலையும் உள்ளே விட்டார்கள். பிற்காலத்தில் அரசுப் பொறியாளர்கள் ‘ஓத ஆற்று மேலாண்மை’ என்று பெயரிட்டுத் திட்டமாக்கியது, அந்த விவசாயிகளுக்குக் கரை வருவதற்கு முன்பிருந்தே தெரிந்த சங்கதிதான்.

அடுத்தது இறால். 1980களில் ஏற்றுமதிச் சந்தை திறந்ததும், கையில் பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் கரையைத் துளைத்துக் குழாய் செருகினார்கள். உப்பைத் தடுக்கக் கட்டிய கரைக்குள் உப்புநீர் அப்படித்தான் ஏறியது. பக்கத்து வயல்காரன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அவன் நிலமும் உவர்ந்தது. பிறகு அவனும் தன் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கிளம்பினான். நெல்லுக்கு நாற்பது கை வேண்டியிருந்த இடத்தில் இறால் குளத்தைக் காக்க இரண்டு ஆள் போதும். குல்னாவின் போல்டர் 22இல் மக்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 1990 நவம்பர் 7 அன்று ஹரின்கோலாவில் அந்த எதிர்ப்பின் முன்னணியில் நின்ற கருணாமயி சர்தார் என்ற நிலமற்ற பெண் கொல்லப்பட்டார். அந்தப் போல்டருக்குள் இன்றுவரை இறால் பண்ணை வரவில்லை. நாகப்பட்டினம் பக்கத்து வாசகர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோரப் பண்ணைகளை அகற்றச் சொன்னதும், பின்பு 2005ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தீர்ப்பின் பல்லைப் பிடுங்கியதும் நம் ஊர் வரலாறு.

ஆக, குற்றப்பத்திரிகையில் உள்ளூர்ப் பெயர்கள் இருக்கின்றன என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. ஆனால் பட்டியல் அவர்களோடு முடிந்துவிடுவதில்லை. 1975இல் நாம் கங்கையின் குறுக்கே திறந்த ஃபராக்கா தடுப்பணை, கோடையில் தென்மேற்கு ஆறுகளுக்குப் போய்க் கடலை வெளியே தள்ளிக்கொண்டிருந்த நன்னீரைக் குறைத்தது. 1996இல் இரு நாடுகளுக்கும் இடையே கையெழுத்தான கங்கை நீர்ப்பகிர்வு ஒப்பந்தத்தின் முப்பதாண்டுக் காலம் 2026 டிசம்பரோடு முடிகிறது. சுந்தரவனத்தின் விளிம்பிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர் தொலைவில் ராம்பாலில் நிற்கும் 1,320 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்திலும் இந்தியப் பொதுத்துறை நிறுவனத்துக்குச் சரிபாதிப் பங்கு உண்டு. இந்தியர்களாகிய நாம் வங்கதேசத்தின் குறைகளை எண்ணும்போது இந்த இரண்டையும் விட்டுவிடுவது வழக்கம்.

இத்தனைக்கும் மேல்தான் பருவநிலை வந்து உட்காருகிறது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது, அண்மைப் பதின்ஆண்டுகளில் உயரும் வேகமும் கூடியிருக்கிறது. தன் போக்கில் விடப்பட்ட கழிமுகமாக இருந்தால் வண்டல் அதை ஓரளவு ஈடுகட்டியிருக்கும். அமிழ்ந்துகொண்டிருக்கும் நிலம், படுகை உயர்ந்த ஆறு, கோடையில் குறைந்த நன்னீர், குழாய் செருகிப் பலவீனமான கரை ஆகியவற்றின் மேல் அதே 20 செ.மீ. ஏறும்போது பாதிப்பு பன்மடங்காகிறது. வெப்பம் கூடிய விரிகுடா புயலுக்குக் கூடுதல் வலுவையும் கொடுக்கிறது. கரை மெலிந்தது ஒப்பந்ததாரரின் குறையாக இருக்கலாம். அந்தக் கரைக்கு வெளியே தண்ணீர் அவருடைய தாத்தா காலத்தைவிட உயரமாக நிற்பது அவருடைய குறை இல்லை. வங்கதேச மண்வள ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, உவர்ப்பால் பாதிக்கப்பட்ட கடலோர நிலம் 1973இல் 8.33 லட்சம் ஹெக்டேராக இருந்தது, 2009இல் 10.56 லட்சமானது. இதில் எத்தனை ஏக்கர் இறாலுக்கு, எத்தனை ஃபராக்காவுக்கு, எத்தனை வெப்பமாதலுக்கு என்று வெட்டிப் பிரிக்க முடியாது. பிரிக்க முடியாததாலேயே ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டித் தப்பித்துக்கொள்கிறார்கள்.

உப்பு முதலில் போய்ச் சேரும் இடம் வயல்கூட இல்லை, அடுக்களை. பிப்ரவரி முதல் மே வரை குல்னாவின் டாக்கோப் வட்டாரத்தில் ஆழ்குழாய்க் கிணறு பெரும்பாலும் உவர்நீரையே தரும். வீட்டுக்குப் பின்னாலுள்ள குளத்து நீரில் அரிசி களையலாம், பாத்திரம் கழுவலாம்; குடிக்க முடியாது. மழைக்காலத்தில் தொட்டியில் பிடித்துவைத்த கூரைநீர் குடும்பம் பெரிதாக இருந்தால் கோடை முடியும்வரை வராது. பிறகு, மணல் வடிகட்டி அமைத்த பொதுக்குளத்துக்குக் குடத்தோடு நடக்க வேண்டும்; இல்லையென்றால் மிதிவண்டியில் வரும் பிளாஸ்டிக் கேனுக்குக் காசு கொடுக்க வேண்டும். இரண்டும் முடியாதவர்கள் உப்புக் கரித்தாலும் குளத்து நீரையே குடிக்கிறார்கள். அங்கே கருவுற்ற பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. மருத்துவமனைக்கு வந்தவர்களில் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களின் விகிதம் மழைக்காலத்தைவிட வறண்ட காலத்தில் இரு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. கோடையில் குடிநீர் வழியாக மட்டுமே உடலில் சேர்ந்த உப்பு, ஒரு நாள் முழுவதற்கும் உலக நலவாழ்வு அமைப்பு வகுத்த அளவைக் கடந்திருந்தது. இதே பெண்களில் பலர்தான் இடுப்பளவு உப்புநீரில் நின்று நீல நிற வலையை இழுத்து இறால் குஞ்சு பிடிப்பவர்கள்.

டாக்காவில் இது உங்கள் கண்ணில் படவில்லை என்கிறீர்கள். பார்த்திருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன், அடையாளம் தெரிந்திருக்காது. மீர்ப்பூரில் போலா பஸ்தி என்றே பெயர் பெற்ற ஒரு குடிசைப்பகுதி உண்டு. போலா தீவில் ஆற்றுக்கு நிலத்தைப் பறிகொடுத்து வந்தவர்கள் உருவாக்கியது. டாக்காவிலும் காஜிப்பூரிலும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர்களில் ஒரு பகுதியினர் இப்படி ஊரை இழந்து வந்தவர்கள். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆடைகளிலிருந்து வருகிறது; அந்த ஆடையின் விலை உங்களுக்குக் கட்டுப்படியாகாத அளவுக்குக் குறைந்திருப்பதற்கு வரிச்சலுகை ஒரு காரணம் என்றால், கிடைத்த கூலிக்கு வேலைக்கு வர ஆள் இருப்பது இன்னொரு காரணம். திரும்பிப் போக வயல் உள்ளவர் கூலி பேரம் பேசுவார். வயல் உவர்ந்து போனவரால் அது முடிவதில்லை. அந்த வரிச்சலுகையும் நிலையானதில்லை. அந்தச் சலுகைக்கு அடிப்படையான மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து வங்கதேசம் 2026 நவம்பரில் வெளியேற வேண்டும் என்று 2021இலேயே ஐ.நா. பொதுச்சபை நாள் குறித்தது.

பணம் கேட்பது நியாயமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. வங்கதேசத்தவர் ஒருவர் ஆண்டுக்கு வெளியிடும் கரியமில வாயு ஒரு டன்னுக்கும் குறைவு. இந்தியர் சுமார் இரண்டு டன், உலகச் சராசரி நான்கு டன்னுக்கு மேல், அமெரிக்கர் பதினான்கு டன் அளவில். வாசலில் வந்து நிற்கும் கடலுக்கு அவர்கள் செய்த பங்களிப்பு இவ்வளவுதான். உலகம் கொடுக்கட்டும் என்று அவர்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கவும் இல்லை. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தம் சொந்த வரவுசெலவுத் திட்டத்திலிருந்தே பருவநிலை நிதியம் அமைத்தவர்கள். அந்த நிதியத்தின் பணிகளில் முறைகேடுகள் இருந்ததை, ஊழல் எதிர்ப்பு அமைப்பான டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனலின் வங்கதேசக் கிளை திரும்பத் திரும்ப வெளிக்கொணர்ந்திருக்கிறது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஊழலைக் காட்டிக் கணக்குக் கேட்பது சரி. அதையே சாக்காக வைத்துக் கடனை இல்லையென்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். வாங்கியவன் ஊதாரி என்பதற்காகச் சேதம் செய்தவனின் பொறுப்பு தள்ளுபடி ஆவதில்லை.

கேட்டதில் கிடைத்தது எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். பருவநிலைப் பாதிப்பில் சிக்கிய வளரும் நாடுகளுக்கு உதவும் ‘இழப்பு, சேத நிதியம்’ 2022இல் எகிப்தில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டு 2023 இறுதியில் துபாயில் நடைமுறைக்கு வந்தபோது, பணக்கார நாடுகள் சேர்ந்து தருவதாக உறுதியளித்த தொகை சுமார் 70 கோடி டாலர். 2022 வெள்ளத்தால் பாகிஸ்தான் என்ற ஒரு நாட்டுக்கு மட்டும் நேர்ந்த சேதமும் இழப்பும் 3,000 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. பருவநிலை நிதி என்ற பெயரில் வளரும் நாடுகளுக்குப் போவதில் பெரும்பகுதி வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய கடன் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்த முறை டாக்கா போகும்போது இரண்டு நாள் கூடுதலாக ஒதுக்க முடிந்தால் குல்னாவுக்குப் போய்வாருங்கள். 2022இல் பத்மா பாலம் திறந்த பிறகு சாலை வழியே நான்கைந்து மணி நேரப் பயணம்தான். மழைக்குப் பின்பு போனால் எங்கும் பச்சையாகவே தெரியும், மார்ச்சில் போங்கள். போல்டர் 22ஐயும் அதைச் சுற்றியுள்ள இறால் பண்ணைப் போல்டர்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஒரே ஆறு, ஒரே கடல், ஒரே பருவநிலை. இரு பக்கமும் குடிநீர் ஒரு குடம் எங்கிருந்து வருகிறது, என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் வாதத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது, என் வாதத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அங்கே நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். போய்வந்த பிறகு எழுதுங்கள், அதையும் வெளியிடுகிறேன்.