ஓட்டியது கிளீனர், 'நான்தான் ஓட்டினேன்' என்று எழுதிக்கொடுக்கலாமா?

கேள்வி: நான் 12 ஆண்டுகளாகச் சரக்கு லாரி ஓட்டுகிறேன். ஹெவி லைசென்ஸ் இருக்கிறது. கடந்த வாரம், அனுமதித்த அளவுக்கு மேல் 3 டன் ஏற்றிய லோடுடன் காலையிலிருந்து ஓட்டினேன். நள்ளிரவு தாண்டியதும் கண் சொருகியது. ஸ்டியரிங்கைக் கிளீனரிடம் கொடுத்துவிட்டு கேபினில் படுத்துவிட்டேன். கிளீனர் என் அக்கா மகன், வயது 19. கார் ஓட்டுவதற்கான லைசென்ஸ் மட்டுமே வைத்திருக்கிறான். விடியற்காலையில் ஒரு மோட்டார் சைக்கிள்மீது மோதிவிட்டான். அதில் வந்தவர் தொடை எலும்பு முறிந்து மருத்துவமனையில் இருக்கிறார். நாங்கள் ஓடவில்லை. ஆம்புலன்ஸை அழைத்தோம், காவல் நிலையத்துக்கும் நாங்களே தகவல் சொன்னோம். யார் ஓட்டியது என்று இன்னும் எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. முதலாளி, "நீ ஓட்டியதாக எழுதிக்கொடு. உன் லைசென்ஸுக்கு இன்சூரன்ஸ் பணம் வந்துவிடும். பையன் ஓட்டினான் என்றால் அடிபட்டவருக்கு ஒரு பைசா கிடைக்காது. பையனும் ஜெயிலுக்குப் போவான். வக்கீல் செலவு என் பொறுப்பு" என்கிறார். அக்காவும் அழுகிறாள். நான் என்ன செய்வது?

பதில்: எழுதிக்கொடுக்காதீர்கள். இந்தப் பதிலை இதற்கு மேல் படிக்க உங்களுக்கு நேரமில்லாவிட்டாலும் இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முதலாளி இரண்டு காரணங்கள் சொல்லியிருக்கிறார். அடிபட்டவரைக் காட்டி உங்கள் மனசாட்சியைத் தொடுகிறார். பையனைக் காட்டி உங்கள் பாசத்தைத் தொடுகிறார். சட்டத்தின் முன் இரண்டுமே நிற்காது.

முதலில் அடிபட்டவரின் இழப்பீடு. லாரிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால், ஓட்டியவருக்குத் தகுந்த லைசென்ஸ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, சாலையில் அடிபட்ட மூன்றாம் நபரைக் கைவிட்டுவிட இன்சூரன்ஸ் நிறுவனத்தால் முடியாது. 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக விளக்கியது. லைசென்ஸ் குறையை வாகன உரிமையாளருக்கு எதிரான வாதமாக நிறுவனம் எழுப்பலாம். அவர் தரப்பில் கவனக்குறைவு இருந்ததை நிறுவனமே நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபித்தாலும், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி, விபத்து இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயம் உத்தரவிட முடியும். 'கொடுத்துவிட்டு வசூலி' என்று நாங்கள் நீதிமன்றத்தில் சொல்லும் இந்த முறையில் எத்தனையோ குடும்பங்களுக்கு இழப்பீடு வந்திருக்கிறது.

கிளீனர் ஓட்டிய வழக்கும் புதிதல்ல. 1987-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஸ்காண்டியா இன்சூரன்ஸ் வழக்கில், லாரி டிரைவர் இன்ஜினை அணைக்காமல் கிளீனரை வண்டியில் விட்டுவிட்டுத் தின்பண்டம் வாங்க இறங்கிப் போனார். லைசென்ஸ் இல்லாத கிளீனர் வண்டியை எடுத்து விபத்து ஏற்படுத்தினார். தகுதியுள்ள டிரைவரை நியமித்த உரிமையாளர் தன் கடமையைச் செய்துவிட்டார், நிபந்தனையை மீறியவர் அவர் அல்ல என்று சொல்லி, இன்சூரன்ஸ் நிறுவனமே பணம் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது.

இப்போது உங்கள் முதலாளியின் நிலையை யோசித்துப் பாருங்கள். பையன் ஓட்டியது அவருக்குத் தெரியாமல் நடந்திருந்தால் அந்தத் தீர்ப்பே அவருக்குக் கைகொடுக்கும். அவர் இவ்வளவு பதறுகிறார் என்றால், "இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டிக்கொண்டு விடிவதற்குள் போய்ச் சேருங்கள்" என்பதுபோல ஏதாவது சொல்லியிருப்பார் என்றே என் அனுபவம் சொல்கிறது. அப்படியிருந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுத்த பணத்தை அவரிடம் திரும்பக் கேட்கும். உங்கள் கையெழுத்து காப்பாற்றப்போவது அவருடைய அந்தப் பணத்தைத்தான். மருத்துவமனையில் கிடப்பவருக்கு அதனால் கூடுதலாக எதுவும் கிடைக்காது. இன்னும் சொன்னால், பொய் வெளிப்பட்டால் வழக்கு இழுத்தடிக்கப்பட்டு அவருக்கு வரவேண்டிய பணம்தான் தாமதமாகும்.

வெளிப்படாது என்று நினைக்காதீர்கள். இன்சூரன்ஸ் நிறுவனங்கள் தனி விசாரணையாளரை அனுப்புகின்றன. விபத்துக்கு முன் நீங்கள் கடந்த சுங்கச்சாவடியின் கேமராவில், அதிகாலையில், டிரைவர் இருக்கையில் 19 வயதுப் பையனின் முகம் பதிவாகியிருக்கும். ஆம்புலன்ஸ் ஊழியர் பார்த்திருப்பார். அடிபட்டவரே பார்த்திருக்கலாம். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, விபத்து பற்றி ஓட்டுநரும் உரிமையாளரும் தனித்தனிப் படிவங்களில் விவரம் கொடுக்க வேண்டும். அவை காவல்துறை வழியாக இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். ஓட்டியவரின் பெயரையும் லைசென்ஸ் விவரத்தையும் போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டியது மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-வது பிரிவின்படி உரிமையாளரின் கடமை. அங்கே பொய்ப் பெயரைக் கொடுத்தால் அவரும் சிக்குவார், அதற்கு ஒத்துப்போன நீங்களும் சிக்குவீர்கள். அரசு ஊழியரிடம் பொய்த் தகவல் தருவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 217-வது பிரிவில் குற்றம். குற்றவாளியை மறைக்கப் பொய் சொல்வது 238-வது பிரிவு. நீதிமன்றத்தில் ஏறிப் பொய்ச் சாட்சி சொன்னால் 229-வது பிரிவு, 7 ஆண்டுவரை சிறை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. தொடை எலும்பு முறிவு சிலருக்கு உயிருக்கே வினையாக முடிகிறது. இன்று அதே சன்ஹிதாவின் 125-வது பிரிவில் கொடுங்காயம் என்ற அளவில், 3 ஆண்டுவரை சிறை அல்லது அபராதம் என்று நிற்கும் வழக்கு, அவருக்கு ஏதாவது நேர்ந்தால் 106(1)-க்கு மாறும். அதற்கு 5 ஆண்டுவரை சிறை. "நான்தான் ஓட்டினேன்" என்று எழுதிக்கொடுத்துவிட்டு, அன்றைக்குப் போய் "இல்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன்" என்றால் யார் நம்புவார்கள்?

பையனைப் பற்றிய பயத்துக்கும் பதில் சொல்கிறேன். அவன் தப்பு செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அந்த லாரியை ஓட்ட அவனுக்கு இரண்டு வகையில் தகுதியில்லை. சரக்கு வாகனத்தைப் பொதுச் சாலையில் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 4-வது பிரிவு. அடுத்து, கார் லைசென்ஸ். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வாகனங்களை இலகுரக வாகன லைசென்ஸை வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ரம்பா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. இந்தத் தீர்ப்பைத் தவறாகப் புரிந்துகொண்டு "இனி கார் லைசென்ஸே போதும்" என்று பல முதலாளிகள் பேசுகிறார்கள். 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக லாரிக்கு அது ஒருபோதும் பொருந்தாது. ஆனால், பையன் 21 வயது நிறையாதவன். அப்படிப்பட்டவரைச் சிறைக்கு அனுப்புவதற்கு முன், ஏன் நன்னடத்தையில் விடக்கூடாது என்று நீதிமன்றம் யோசிக்க வேண்டும், சிறைதான் என்றால் அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்கிறது 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் 6-வது பிரிவு. இப்போதுள்ள பிரிவுகள் ஜாமீனில் விடக்கூடியவை. விபத்து நடந்த இடத்திலேயே நின்று ஆம்புலன்ஸை அழைத்தது அவனுக்குச் சாதகமான பெரிய அம்சம். நல்ல வழக்கறிஞர் வைத்தால் அவன் வாழ்க்கை முடிந்துவிடாது. இதை உங்கள் அக்காவிடம் நீங்களே பொறுமையாகச் சொல்லுங்கள்.

நீங்கள் ஓடாமல் நின்றதைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு டிரைவரிடம் எதிர்பார்ப்பது அதைத்தான்: காயமடைந்தவருக்குச் சிகிச்சை கிடைக்க வழி செய்வது, காவல்துறைக்குச் சொல்வது. கூட்டம் அடிக்க வருகிற நிலை இருந்தால் மட்டும் அங்கேயே நிற்க வேண்டியதில்லை. ஆனால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தகவல் தர வேண்டும். தகவல் சொல்லாமல் தப்பினால் 10 ஆண்டு சிறை என்ற, நியாய சன்ஹிதாவின் 106(2)-வது உட்பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் போராடியதும், அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மற்றவற்றை அதே ஆண்டு ஜூலை 1 முதல் அரசு நடைமுறைப்படுத்தியதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால் ஓடினாலும் பரவாயில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். 134 அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் செய்தது சரி.

இனி உங்கள் பொறுப்பு. இதை மறைத்துப் பேசினால் நான் உங்களுக்கு உண்மையானவன் ஆக மாட்டேன். தகுதியில்லாதவரிடம் வண்டியைக் கொடுப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 180-வது பிரிவு தண்டிக்கிறது: 3 மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவு உரிமையாளரோடு நிறுத்தவில்லை. 'வண்டியின் பொறுப்பில் இருப்பவர்' என்றும் சொல்கிறது. அந்த இரவில் அது நீங்கள்தான். தூக்கம் வந்ததும் நீங்கள் எடுத்த முடிவில் பாதி சரி, ஓட்டுவதை நிறுத்தினீர்கள். வண்டியையும் ஓரம்கட்டியிருக்க வேண்டும். லோடு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போயிருந்தால் முதலாளி திட்டியிருப்பார், அவ்வளவுதான். இதற்கான பொறுப்பை நேராக ஏற்றுக்கொள்ளுங்கள். செய்யாத குற்றத்துக்கு 3 ஆண்டு, 5 ஆண்டு என்று நிற்பதைவிட, செய்த குற்றத்துக்குத் தலைகுனிந்து நிற்பது உங்களைக் காப்பாற்றும்.

அதே நேரத்தில், அந்தத் தூக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் விசாரணையில் வரவேண்டும். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேர ஓய்வு என்றது. பின்னால் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பும் நாளுக்கு 8 மணி நேரம் என்ற அளவையே கொண்டிருக்கிறது. உங்களைப்போன்ற ஓட்டுநர்கள் இதைக் கேட்டால் சிரிக்கக்கூடும் என்பது தெரியும். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வருகிறது. காலையிலிருந்து நள்ளிரவுவரை ஒருவரை ஓட்டவைத்துவிட்டு, விபத்துக்குப் பிறகு "டிரைவரின் கவனக்குறைவு" என்று எழுதிக் கோப்பை மூடுவதைப் பல வழக்குகளில் பார்த்துவிட்டேன்.

அதிக பாரமும் அப்படித்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவின்படி அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. உங்கள் 3 டன்னுக்கு மொத்தம் 26,000. இங்கே சட்டம் ஓட்டுநருக்கு ஒரு பிடிமானம் கொடுத்திருக்கிறது. அதிக பாரத்துடன் ஓட்டியவர் உரிமையாளர் இல்லையென்றால், உரிமையாளருக்குத் தெரிந்தே, அல்லது அவர் சொல்லியே அது நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்கிறது 113-வது பிரிவின் நான்காவது உட்பிரிவு. எடைமேடைச் சீட்டு உங்களிடம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். முதலாளி வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய குரல் பதிவுகள், எத்தனை மணிக்குள் வரவேண்டும் என்று சொன்ன செய்திகள், இப்போது 'எழுதிக்கொடு' என்று வற்புறுத்தும் அழைப்புகளின் பட்டியல் எதையும் அழிக்காதீர்கள். போனையும் மாற்றாதீர்கள், மின்னணு ஆதாரத்துக்கு அந்தக் கருவி முக்கியம்.

உங்கள் லைசென்ஸ் அட்டையையும் எடுத்துப் பாருங்கள். அதில் செல்லுபடிக் காலமாக இரண்டு தேதிகள் இருக்கும். சொந்த வாகனத்துக்கான தேதி தொலைவில் இருக்கும். போக்குவரத்து வாகனத்துக்கான தேதி, அதாவது 'டி.ஆர்.' என்று போட்டிருப்பது, 5 ஆண்டுக்கு ஒருமுறை முடிந்துவிடும். முதல் தேதியைப் பார்த்துவிட்டு லைசென்ஸ் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும் ஓட்டுநர்கள் நிறையப் பேர். முடிந்த பிறகு 30 நாள்வரை செல்லும் என்ற பழைய சலுகையும் 2019 திருத்தத்தில் போய்விட்டது. உங்களுடையது காலாவதியாகியிருந்தால் உங்கள் வழக்கறிஞருக்கு அது முதலிலேயே தெரிய வேண்டும்.

வழக்கறிஞர் என்றதும், முதலாளி ஏற்பாடு செய்பவர் வேண்டாம். இந்த வழக்கில் முதலாளியின் நலனும் உங்களுடைய நலனும் ஒன்றல்ல. பையனுக்கும் தனி வழக்கறிஞர் வேண்டும். கட்டணம் கொடுக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணில் அழைத்தால் வழிகாட்டுவார்கள். வருமான வரம்புக்குள் இருந்தால் வழக்கறிஞரை இலவசமாகவே நியமிப்பார்கள்.

உங்கள் வழக்கறிஞரோடு பேசிவிட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வெற்றுத் தாளிலோ, படித்துப் பார்க்காத தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். விசாரணையில் சொல்வதை அதிகாரி எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்தை வாங்கக்கூடாது என்பதே சட்டம். ஓட்டுநருக்கான விபத்துப் படிவத்தை உங்களிடம் தந்தால், "விபத்தின்போது வாகனத்தை ஓட்டியவர்" என்ற இடத்தை நிரப்புவதற்கு முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். முதலாளி அதற்கு முன்னாலேயே உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறாரா என்று விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள். கொடுத்திருந்தால், மறுப்பை அன்றைக்கே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.