போரில் விமானி ‘காணாமல் போனார்’ என்றால் என்ன பொருள்?

பறக்கப் போனவர் திரும்பவில்லை. இறந்ததற்கு உறுதியான சான்றும் இல்லை, பிடிபட்டதாகத் தகவலும் இல்லை. அந்த நிலைக்குத்தான் இந்தச் சொல். நூலகப் பதிவேட்டில் புத்தகம் வெளியே போன தேதி இருக்கும், திரும்பி வந்த கட்டம் காலியாக இருக்கும் அல்லவா, அதுபோலத்தான்.

போர் விமானிகளுக்கு இது அதிகம் நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஒற்றை இருக்கை விமானத்தில் கூட வேறு யாரும் இல்லை. சண்டை நடப்பது மேகங்களுக்கிடையே; விழுவது கடலிலோ எதிரி மண்ணிலோ.

முதல் உலகப் போரில் 53 வான்வெற்றிகள் (அதாவது வானில் எதிரி விமானங்களை வீழ்த்துவது) பெற்ற பிரெஞ்சு விமானி ஜார்ஜ் கினமேர் நல்ல உதாரணம். 1917 செப்டம்பர் 11 அன்று, பெல்ஜியத்தின் பூல்காபெல்லே அருகே ஒரு ஜெர்மன் விமானத்தைத் தாக்கினார். உடன் பறந்தவர் கொஞ்ச நேரம் கழித்துத் தேடியபோது அவரைக் காணவில்லை. வயது 22தான். உடலைக் கண்டதாக ஜெர்மானியர்கள் பின்னர் சொன்னார்கள். ஆனால் பீரங்கிக் குண்டுமழையில் அந்த இடமே உருக்குலைந்துவிட்டது, கல்லறை இல்லை. அதனால் நாட்டின் பெருமக்களுக்கான நினைவிடமான பாரிஸின் பாந்தியனில் ஒரு கல்வெட்டு, பூல்காபெல்லேயில் உச்சியில் நாரை பறக்கும் ஒரு தூண். நாரை அவருடைய படைப்பிரிவின் சின்னம். உயரப் பறந்துபோனவர் இறங்கவே முடியவில்லை என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை வேறு சொன்னார்களாம்!

அப்புறம், ‘காணாமல் போனவர்’ என்றால் படையை விட்டு ஓடியவர் என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்குத் ‘தப்பியோடியவர்’ என்ற தனி வகையே இருக்கிறது.