கம்யூனிட்டி காலேஜ் என்றால் கேவலமா?

ஹூஸ்டனிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகன் பேஸ்பாலில் நன்றாகப் பந்து வீசுகிறான். தொழில்முறை அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எடுத்தால் உடனே கையெழுத்துப் போடச் சொல்கிறார் கொழுந்தனார். கடன் வாங்கியாவது பேர்பெற்ற தனியார் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கச் சொல்கிறார் உங்கள் அண்ணன். உங்களுக்குத் தூக்கம் வராததில் வியப்பில்லை. ஆனால் இரண்டுமே தப்பு.

கொழுந்தனாருக்கு டேவிட் கிளைடின் கதையைச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் படித்த பிட்சர், அதாவது பந்து வீச்சாளர். 1973 டிராஃப்டில் முதல் ஆளாக டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி எடுத்தது. முன்பணம் 1,25,000 டாலர். தோற்றுக்கொண்டே இருந்த அணிக்குக் கூட்டம் தேவைப்பட்டது. பயிற்சிக் களமான மைனர் லீக் பக்கமே அனுப்பாமல், ஜூன் 27 அன்று நேராக உச்சமட்டமான மேஜர் லீகில் இறக்கினார்கள். அரங்கம் நிரம்பியது, பையனும் ஜெயித்தான். அப்புறம்? தோள்பட்டைக் காயம், அறுவை சிகிச்சை. 18 வெற்றி, 33 தோல்வி. 1979-இல், 24 வயதில், மேஜர் லீக் ஆட்டம் முடிந்தது. ஓய்வூதியத் தகுதிக்கு 37 நாள் குறைந்தது. பிறகு மர வியாபாரத்துக்குப் போனார்.

அண்ணன் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன்: வீட்டை அடமானம் வைக்காதீர்கள். பையனுக்கு விருப்பமில்லாத படிப்புக்கு ஒரு டாலர்கூடக் கடன் வேண்டாம்.

உறவினர்கள் முகம் சுளிக்கும் கம்யூனிட்டி காலேஜை, அதாவது உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியைப் பாருங்கள். உங்கள் பகுதியிலேயே சான் ஜசின்டோ இருக்கிறது. பிற்பாடு மேஜர் லீகில் புகழ்பெற்ற ரோஜர் கிளெமென்ஸும் ஆண்டி பெட்டிட்டும் அங்கே பந்து வீசியவர்கள்தான். நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் பொதுவாக மூன்றாம் ஆண்டு முடியும்வரை, அல்லது 21 வயதுவரை, டிராஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும். இங்கே ஒவ்வோர் ஆண்டும் வாய்ப்பு உண்டு. கல்லூரிக்கு வரி கட்டும் பகுதிக்குள் குடியிருந்தால் கட்டணம் இன்னும் குறையும். இரண்டாண்டுக் கல்லூரிப் போட்டிகளின் முதல் பிரிவில் ஆடும் அணிகள் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு வரை ஸ்காலர்ஷிப் தரலாம். டெக்சாஸின் 42 கிரெடிட் அடிப்படைப் பாடங்களை முடித்துவிட்டால், மாநிலத்தின் எந்த அரசுப் பல்கலைக்கழகமும் அவற்றை ஏற்றுக்கொள்ளும். கை போனாலும் படிப்பு கையில் இருக்கும். இயன்முறை மருத்துவம் பிடிக்கும் என்று பையனே சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கான உயிரியல் பாடங்களையும் இங்கேயே தொடங்கலாம்.

சேருமுன் பயிற்சியாளரை நேரில் பாருங்கள். முதலாண்டுப் பையன் வாரத்துக்கு எத்தனை பந்து வீசுவான், தோள் வலித்தால் நிறுத்தச் சொல்வது யார் என்று பையனே கேட்கட்டும். மழுப்பினால் அடுத்த காலேஜுக்குப் போங்கள்.