இரண்டு அடித் தொட்டியில் எத்தனை மீன் விடலாம்?

கேள்வி கேட்டவர் இரண்டு அடி நீளத் தொட்டி ஒன்று வாங்கியிருக்கிறாராம். கப்பி, மொலி, கோல்ட் பிஷ், ஏஞ்சல் எல்லாவற்றையும் கலந்து விட ஆசையாம். மீன் கடையில் ஐம்பது போடலாம் என்றார்களாம். உண்மையா என்று கேட்கிறார்.

அந்த ஐம்பதைப் பார்த்ததும் என் கடையில் இருந்த வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். எனக்கும் அதே எண்ணைத்தான் சொன்னார்கள். வேறு கடை, வேறு ஆண்டு, ஆனால் அதே ஐம்பது. "ஐம்பது தாராளமாகப் போடலாம் அக்கா, பம்பு ஓடிக்கொண்டிருந்தால் போதும்."

என் பதில் எட்டு. அவசரக்காரர்கள் இதோடு போகலாம். அந்த எட்டு எப்படி வந்தது என்பதை மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

நான் மீன் வல்லுநர் இல்லை. மட்டக்களப்பு கல்லடியில் சிறியதொரு போட்டோப்பிரதிக் கடை வைத்திருப்பவள். 2021இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது மகன் கைத்தொலைபேசிக்குள்ளேயே குடியிருந்தான். அவன் கண்ணை அதிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும் என்றுதான் தொட்டி வாங்கினேன். கட்டாரில் இருக்கும் கணவர் பணம் அனுப்பினார். அம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. வாவியில் தோணி விட்ட மனிதரோடு நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவர் அவர். "கறிக்கும் ஆகாத மீனுக்கு என் மகள் தண்ணீர் மாற்றுகிறாள்" என்று அயல் வீட்டாரிடம் சொல்லிச் சிரித்தார்.

தொட்டி வைக்க மேசை வேண்டும். இரண்டு அடித் தொட்டியில் நீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து அறுபது கிலோவுக்குக் குறையாது. சாதாரண மேசையில் வைத்தால் ஒரு பக்கம் சரிந்து கண்ணாடி ஒட்டு விட்டுவிடும். அதனால் தச்சு வேலை செய்யும் ஒருவரிடம் 8,000 ரூபா முற்பணம் கொடுத்தேன். முதல் மாதம் மரம் காயவில்லை என்றார். இரண்டாம் மாதம் அவருடைய மச்சானுக்குக் கல்யாணம். மூன்றாம் மாதம் என் அழைப்பையே எடுக்கவில்லை. வாடிக்கையாளருக்கு ஒரு பிரதி மங்கலாக விழுந்தால்கூடக் காசு வாங்காமல் மறுபடி எடுத்துக் கொடுக்கிறவள் நான். முற்பணம் வாங்கிய கையோடு ஆள் மறைந்துபோவதை மட்டும் நம் ஊரில் எல்லோரும் எப்படித்தான் இயல்பாக எடுத்துக்கொள்கிறார்களோ! இதைப் பேசினால் வேறு எங்கோ போய்விடுவேன். கடைசியில் சீமெந்துக் கல் அடுக்கி, மேலே பலகை போட்டு வைத்தோம். இன்றைக்கும் அதே கல்தான்.

முதலில் விட்டது கப்பி 6, மொலி 4, கோல்ட் பிஷ் 3, ஏஞ்சல் 2, பாசி தின்னும் சக்கர் 1. மொத்தம் 16. கப்பியில் நான்கு பெட்டை. பெட்டைக் கப்பி ஏறத்தாழ நான்கு கிழமைக்கு ஒருமுறை குஞ்சு போடும். ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் போதும், அந்த விந்தணுவைச் சேமித்து வைத்து மாதக்கணக்கில் குஞ்சு போட்டுக்கொண்டே இருக்கும். ஏஞ்சல் விழுங்கியது போக மிஞ்சியதும் கூட்டம்தான். 2022 மார்ச்சில் மகன் எண்ணிப் பார்த்து 41 என்றான். தொட்டி திருவிழா மாதிரி இருந்தது. வீடியோ அழைப்பில் கணவர் ரசித்துப் பார்ப்பார். ஐம்பதுக்கு இன்னும் ஒன்பது இடம் இருக்கிறதே என்று நானும் பெருமையாகத்தான் இருந்தேன்.

அந்த நாட்களில்தான் நாட்டின் பொருளாதார நெருக்கடியோடு மின்வெட்டும் வந்தது. பெப்ரவரியில் மெல்லத் தொடங்கி, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் என்று வந்து நின்றது. நினைவிருக்கும். இரண்டு மூன்று மணி நேர வெட்டுகளைத் தொட்டி தாங்கியது. அந்த நீண்ட வெட்டு நாட்களில் ஓர் இரவு, புழுக்கம் தாங்காமல் எழுந்து மெழுகுதிரியோடு முன்னறைக்கு வந்தேன். நீர்மட்டம் முழுவதும் வாய்கள். 41 மீனும் மேலே வந்து, வாயை நீருக்கு வெளியே நீட்டித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சத்தம்கூடக் கேட்டது. சின்னச் சின்னச் சப்புக் கொட்டல்.

அம்மா பின்னால் வந்து நின்றார். சிரிக்கவில்லை. "காற்று அடங்கிய இரவில் வாவியிலும் மீன் இப்படித்தான் மேலே வரும் மகள். மூச்சு முட்டுகிறது அதற்கு. தண்ணீரை அள்ளி ஊற்று" என்றார்.

மகனும் நானும் அரிசி அளக்கும் சுண்டினால் தொட்டி நீரையே அள்ளி, ஒரு முழ உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றினோம். விழும் நீர் காற்றை இழுத்துக்கொண்டு போகும். கை ஓய்ந்தபோது அம்மா வாங்கி ஊற்றினார். ஆனாலும் விடியும்போது 17 மிதந்தன. கோல்ட் பிஷ் மூன்றும்தான் முதலில் போயின. குளிர்ந்த நீருக்குப் பழகிய இனம் அது.

மின்சாரம் வந்து பம்பும் வடிகட்டியும் ஓடத் தொடங்கியதும் தப்பித்தோம் என்று நினைத்தேன். அடுத்த மூன்று நாளில் இன்னும் 16 செத்தன. காரணம் பிறகுதான் விளங்கியது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா நஞ்சு. வடிகட்டியின் பஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரைற்றும் நஞ்சு, நைத்திரேற்று அவ்வளவு மோசமில்லை. அந்த நுண்ணுயிருக்கும் ஒட்சிசன் வேண்டும். நீர் ஓடாமல் மணிக்கணக்கில் நின்றதால் அவையும் செத்து, பஞ்சு அழுகிவிட்டது. மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் நீரைத்தான் வடிகட்டி தொட்டிக்குள் தள்ளியிருக்கிறது. நீண்ட வெட்டுக்குப் பிறகு பஞ்சைத் தொட்டி நீரிலேயே அலசாமல் வடிகட்டியைப் போடாதீர்கள். அந்த ஒரு வரி அன்று தெரிந்திருந்தால் பதினாறில் பாதியாவது பிழைத்திருக்கும்.

மிஞ்சியது எட்டு. ஏழு சின்னக் கப்பியும் சக்கரும். கப்பியின் வாய் மேல்நோக்கி இருப்பதால் நீர்மட்டத்தின் மெல்லிய படலத்திலிருந்து மூச்சு வாங்கத் தெரிகிறது. சக்கர் காற்றையே விழுங்கிச் சமாளிக்கிறது.

இனி கணக்கு. இணையத்தில் ஒரு விதியைப் பார்ப்பீர்கள்: ஓர் அங்குல மீனுக்கு ஒரு கலன் நீர். அது 3.8 லீற்றர் கொண்ட அமெரிக்கக் கலன். நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் 4.5 லீற்றர்க் கலன் வேறு. 24க்கு 12க்கு 12 அங்குலத் தொட்டியின் அளவு 56 லீற்றர் என்பார்கள். மணல் இரண்டு அங்குலம், மேலே இடைவெளி ஓர் அங்குலம் போனால் உண்மையில் நிற்பது 42 லீற்றர் அளவுதான். அதாவது 11 அங்குல மீன். இன்னொரு விதி நீர்ப்பரப்பைப் பார்க்கிறது: ஓர் அங்குல மீனுக்கு 12 சதுர அங்குலம். அதன்படி 288ஐ 12ஆல் வகுத்தால் 24 அங்குல மீன். ஒரே தொட்டிக்கு ஒரு விதி 11 என்கிறது, மற்றது 24 என்கிறது. காற்று நீரில் கரைவது மேற்பரப்பு வழியாக என்பதால் இரண்டாவதில் எனக்கு மரியாதை கூடுதல். ஆனால் இரண்டுமே நீளத்தை மட்டும் பார்க்கின்றன. மீன் இரண்டு மடங்கு நீண்டால் எடை ஏறத்தாழ எட்டு மடங்கு. தின்பதும் கழிப்பதும் அதற்கேற்ப ஏறும். கடையில் இரண்டு அங்குலம் இருக்கும் வால் நீண்ட கோல்ட் பிஷ் ஓர் அடி வரை வளரக்கூடியது. சக்கரும் அப்படித்தான், இன்னும் கூட. இன்றைய அளவை வைத்துக் கணக்குப் போடுவது, பிள்ளைக்குத் தொட்டிலைக் காட்டி வீடு இது போதும் என்று சொல்வது மாதிரி.

இந்த இரண்டு விதியும் சொல்லாதது வெப்பம். 25 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நீர் 8.3 மில்லிகிராம் அளவு ஒட்சிசனைப் பிடித்து வைக்கும். 31 பாகையில் அது 7.4தான். மீனுக்கோ சூடு ஏற ஏற ஒட்சிசன் தேவையும் கூடும். கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று வீசும் மாதங்களில் என் தொட்டியின் வெப்பமானி 31க்குக் கீழே இறங்குவதில்லை. ஆகவே நான் இருட்டை வைத்துக் கணக்குப் போடுகிறேன். கச்சான் காலம், பம்பு இல்லை, இரவு முழுவதும் மின்சாரம் இல்லை: அந்த இரவைத் தாங்கும் எண்ணிக்கை எதுவோ அதுதான் தொட்டியின் எண்ணிக்கை. என் தொட்டியில் மிஞ்சிய அந்த எட்டுதான் என் பதில். செடி வைத்தால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு: செடி பகலில் ஒட்சிசன் தரும், இருட்டில் அதுவும் மீனோடு சேர்ந்து இழுக்கும்.

பெரிய வடிகட்டி, பற்றரிப் பம்பு, கிழமைக்குப் பாதி நீர் மாற்றம் என்று வைத்து என்னைவிட மூன்று மடங்கு மீன் வளர்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். தெரியும். நீங்கள் இந்தப் பதிலுக்குக் கீழே வந்து மறுத்து எழுதுவீர்கள் என்பதும் தெரியும். உங்களிடம் அந்தப் பற்றரி இருக்கிறது, நேரம் இருக்கிறது. கேட்டவர் இப்போதுதான் தொட்டி வாங்கியவர். மனிதரே எரிவாயு வரிசையில் நின்று வதங்கிய காலத்தில் மீனுக்கு அழுதாயா என்று கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்த வரிசையில் நானும் நின்றேன். இரண்டுக்கும் அழலாம்.

சக்கரைப் பிறகு சீமெந்துத் தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். தயவுசெய்து யாரும் வாவியில் விடாதீர்கள். இப்போது என்னிடம் இருப்பவை ஆண் கப்பி 6, ஹனி கௌராமி 2. பெட்டை இல்லாததால் எண்ணிக்கை ஏறாது. கௌராமி மேலே வந்து காற்றையே மூச்சாக எடுக்கும் இனம். எங்கள் கிணறு வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணலில் தோண்டியது, நீர் கடினமானது, கப்பிக்கு அது ஒத்துப்போகிறது. உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய் நீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டுக் கிழமைக்குக் கால்பங்கு மாற்றுங்கள். புதுத் தொட்டியில் நுண்ணுயிர் குடியேற நான்கு முதல் ஆறு கிழமை ஆகும். அதுவரை இரண்டு மூன்று மீனுக்கு மேல் விடாதீர்கள். ஏஞ்சலையும் கப்பியையும் சேர்க்கவே வேண்டாம், ஒன்று மற்றதற்குத் தீன்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனதே, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு புகுந்ததால் என்று அமைச்சர் சொன்னாரே, அன்று நான் சுண்டை எடுத்து வைத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். எட்டும் தம் பாட்டில் நீந்தின. சுண்டு நனையவில்லை.

உங்கள் தொட்டியில் ஏற்கனவே மீன் இருந்தால், வீட்டில் நிற்கும் ஒரு சாயங்காலம் பம்பை நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாய் திறந்தால் உடனே பம்பைப் போட்டுவிட்டு, யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசியுங்கள். கௌராமி இடைக்கிடை மேலே வருவது அதன் பழக்கம், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கணவர் இப்போதும் வீடியோ அழைப்பில் "என்ன, தொட்டி காலியாகக் கிடக்கிறது" என்கிறார். டிசம்பரில் வரும்போது கொழும்பிலிருந்து நல்ல ஏஞ்சலாகப் பார்த்து வாங்கி வருவாராம். வரட்டும். அவருக்கும் ஏஞ்சலுக்கும் தனியாக ஒரு வாளி எடுத்து வைத்திருக்கிறார் அம்மா.