அப்பப்பா இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரரின் பிடியில் இருந்தவர். பிரிட்டிஷ் அரசிடம் நாங்கள் இப்போது நட்டஈடு கேட்கலாமா?

அப்பப்பாவின் பழைய கடதாசிகளை வைத்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். பேரப்பிள்ளைகள் தங்கள் பெயரில் கேட்க முடியாது. பிரிட்டன் 2000 நவம்பர் 7 அன்று அறிவித்த 10,000 பவுண், அன்று உயிரோடிருந்த முன்னாள் போர்க்கைதிக்கும் அடைத்துவைக்கப்பட்ட பொதுமக்களுக்கும்தான். அவர் முன்பே இறந்திருந்தால் துணைவிக்கு.

என் அப்பப்பாவும் ஜப்பான்காரரிடம் அகப்பட்டவர். அன்று உயிரோடு, வெள்ளவத்தையில் எங்களோடுதான் இருந்தார். மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்தவரைச் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அந்த 415 கிலோமீற்றரில் செத்த தோட்டத் தமிழர்களைப் பற்றி ராத்திரியில்தான் பேசுவார். திட்டத்தைக் கேள்விப்பட்டதும் பெட்டியைத் திறந்து எல்லாத் துண்டுகளையும் எடுத்து வைத்தார். அப்புறம்தான் நிபந்தனை தெரிந்தது: பொதுமக்கள் என்றால் தானோ, பெற்றோரோ, பாட்டன் பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும். கூலி வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்ட ஆசியர்களோ கணக்கிலேயே இல்லை.

"சண்டைக்க நான் வெள்ளைக்காரன்ர பிரசை. காசு குடுக்கேக்க மட்டும் என்ர பாட்டன் எங்க பிறந்தவன் எண்டு கேக்கிறாங்களோ?" என்றார். விண்ணப்பம் போடவே விடவில்லை.

காசுக்கு அலைகிற குடும்பம் என்று இதற்குக் கீழே யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். எங்களுக்கு அந்தப் பணம் இல்லாமலும் சோறு கிடைத்தது. ஆனால் ஹொங்கொங்கில் அடைபட்டிருந்த டயானா எலியாஸ் என்ற பெண் இதே நிபந்தனையை எதிர்த்து வழக்குப் போட்டார். அது மறைமுக இனப் பாகுபாடு என 2006 இல் பிரிட்டனின் மேன்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. ஆக அப்பப்பாவின் கோபம் கிழவனின் வீம்பு அல்ல.

அன்றைய நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்த்தன 1951 இல் சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில் இலங்கைக்கு ஜப்பானிடமிருந்து இழப்பீடு வேண்டாம் என்றதை எல்லோரும் புகழ்கிறார்கள். அது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மலாயாவில் பட்ட எங்கள் ஆட்களை யாரும் கேட்கவில்லையே.

இங்கே இலங்கையில் மட்டும் என்ன? 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. அப்பப்பாவின் மரணச் சான்றிதழ் வேலையாகக் கொழும்பில் ஓர் அலுவலகம் எனக்கு அனுப்பிய கடிதம் முழுக்கச் சிங்களத்தில். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்துத்தான் வாசித்தேன்.

சரி, உங்கள் விஷயம். உங்கள் அப்பப்பா சீருடை போட்ட படையாளாக இருந்திருந்தால், லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜப்பானியர் எழுதிய கைதி அட்டைகள் இருக்கின்றன. பெயரின் எழுத்தை மாற்றி மாற்றித் தேடுங்கள். காசு வராது, ஆனால் அவர் அங்கே இருந்தார் என்பதற்கு ஒரு பதிவு கிடைக்கலாம்.