மீன் துண்டை எண்ணாதீர்கள்

கேள்வி: நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. விவாகரத்துக்குப் பிறகு சென்ற ஆண்டு மறுமணம் செய்துகொண்டேன். இவருக்கும் இது இரண்டாவது; முதல் மனைவி விவாகரத்து வாங்கிப் போய்விட்டார். இவர் வீட்டில்தான் எல்லாரும் இருக்கிறோம். இவர் மகனுக்கு 16 வயது, என் மகளுக்கு 13. இரண்டு பேருக்கும் ஒரு குறையும் வைப்பதில்லை. மீன் துண்டைக்கூட எண்ணித்தான் போடுகிறேன். ஆனால் என் மகள் அவனை ‘அண்ணா’ என்று கூப்பிட மறுக்கிறாள். நாகர்கோவிலில் இருக்கும் தன் அப்பாவோடு சனிக்கிழமைகளில் பேசியதும் முகம் வாடிவிடுகிறாள் என்று அந்த போனையும் நிறுத்திவிட்டேன். அவள் இன்ஷியலை இவர் பெயருக்கு மாற்றினால் எல்லாம் சரியாகுமா? ஒரு வருடம் ஆகிவிட்டதே!
- பெயர் வேண்டாம், குமரி மாவட்டம்

பதில்: முதலில் அந்தப் போனை மகள் கையில் திருப்பிக் கொடுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

விவாகரத்து உங்களுக்கும் அவருக்கும்தான். அவள் தன் அப்பாவை விவாகரத்து செய்யவில்லை. பேசி முடித்ததும் முகம் வாடுகிறது என்றால், அவரை விட்டு வந்த துக்கம் அந்த நேரத்தில் வெளியே வருகிறது. போனை நிறுத்தினால் துக்கம் நின்றுவிடாது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், கண்ணெதிரே நடமாடுகிற அந்தப் பையன்மேல் காட்டுவாள். அவனை அண்ணா என்று கூப்பிட்டால் அப்பாவை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று அவள் மனசு நினைக்கலாம். அதை எடுத்துச் சொல்ல 13 வயதுக்குத் தெரியாது. வாயை மூடிக்கொள்ளத்தான் தெரியும். அவர் குடித்துவிட்டு மிரட்டுகிறார், பிள்ளைக்கு ஆபத்து என்றால் கதை வேறு. நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

மூத்த குடிப் பிள்ளைகள், இளைய குடிப் பிள்ளைகள் என்பது நம் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் பழைய வீடுகளில் பெரும்பாலும் தாய் செத்துப்போய், பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டுமென்று இன்னொருத்தி வந்தாள். செத்துப்போன அம்மாவுக்காகப் பிள்ளை அழலாம், ஊரும் கூட அழும். படத்துக்குப் பூ வைக்கலாம், கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி கொளுத்தலாம். உங்கள் மகளின் அப்பா பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில் உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருக்கிறவருக்காக அழுவதற்கு நம் வீடுகளில் இடம் கிடையாது.

விவாகரத்தினால் அமைகிற இப்படிப்பட்ட குடும்பம் நம் மாவட்டத்துக்குக் கொஞ்சம் புதிதுதான். 2011 கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றில் ஏறக்குறைய 47 பேர் கிறிஸ்தவர்கள். அவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் 1869இல் வந்தது. 2001இல் திருத்தும்வரை, கணவன் வேறொருத்தியோடு தொடர்பு வைத்திருப்பது மட்டும் மனைவிக்குப் போதிய காரணமாகாது. அதோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து அவள் நிரூபிக்க வேண்டும். இருவரும் சம்மதித்துப் பிரிய அதுவரை அந்தச் சட்டத்தில் வழியே இருக்கவில்லை. இந்துக்களுக்கு அந்த வழி 1976இல் கிடைத்தது. ஆக, நாலு பெற்றோரும் உயிரோடு இருக்க, பிள்ளைகள் மட்டும் ஒரே கூரைக்குக் கீழே வந்து சேர்கிற வீட்டில் எப்படிப் புழங்குவது என்று சொல்லித் தர நமக்குப் பாட்டிமார் இல்லை. மாற்றாந்தாய் என்ற சொல் இருக்கிறது, அதையும் பேப்பர்களில் வசவாகவே எழுதுகிறோம். உங்கள் மகளும் அந்தப் பையனும் ஒருவருக்கொருவர் என்ன முறை என்பதற்கு நம் பேச்சில் தனியாக ஒரு சொல்கூட இல்லை. அண்ணன் என்பது அவர்களுக்கு இரவல் சொல்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அவள் உங்களுக்கு ‘என் மகள்’. அவன் ‘இவர் மகன்’. உங்களைக் குற்றம் சொல்லவில்லை, ஒரு வருடத்தில் அப்படித்தான் இருக்கும். 16 வருடம் இன்னொருத்தி மகனாக வளர்ந்தவனை ‘என் மகன்’ என்று எழுத உங்கள் கைக்கே இன்னும் வரவில்லை. உங்களுக்கு வராததை ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்கிறீர்கள்.

சில வருடங்களுக்கு முன் மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். மேடையில் குடும்பப் படம் எடுக்கிறார்கள். இரண்டாம் கல்யாணம் செய்த ஒருவர், அவர் மகன், புது மனைவி, அவள் கூட்டி வந்த பெண். படம் எடுக்கிறவர் கையைத் தூக்கினதும் பெரியம்மா ஒருத்தி சொன்னாள்: “சொந்தப் பிள்ளைய மட்டும் நில்லுங்க. மக்களே, நீ இந்தப் பைய கொஞ்சம் பிடி.” அந்தப் பிள்ளை மேடைக்குக் கீழே நாலு ஹேண்ட்பேக்கைத் தோளிலும் கையிலுமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. பன்னிரண்டு வயதிருக்கும். பெரியவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, பெற்ற தாய் உட்பட. நானும் சொல்லவில்லை. அது இன்றுவரை எனக்கு உறுத்தல். மேடையில் நின்ற பையன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் பந்தியில் பார்க்கிறேன், அவன் தன் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறான். இரண்டு பேர் உட்கார வந்தார்கள், ஆள் வருகிறது என்று சொல்லி அனுப்பினான். அவள் வாசலில் தலை காட்டினதும், “பிள்ளே, இங்க வா.” அவ்வளவுதான். அண்ணனும் இல்லை, தங்கச்சியும் இல்லை. அவள் போய் உட்கார்ந்தாள்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு கைக்குட்டை ஏற்கெனவே விழுந்திருக்கலாம். அண்ணா என்ற சொல்லையே காதில் தேடிக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாது.

மீன் துண்டுக்கு வருகிறேன். எண்ணிப் போடுவதை விட்டுவிடுங்கள். நீங்கள் எண்ணுவது பிள்ளைகளுக்குத் தெரிகிறது. பழகின வீட்டில் யாரும் எண்ணுவதில்லை. தலை பிடித்தவனுக்குத் தலை, நடுத்துண்டு பிடித்தவளுக்கு நடுத்துண்டு, ஒருநாள் ஒருத்திக்குக் கூடுதல், மறுநாள் சண்டை. அவனுக்கு எது பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? கிழங்குக்கு மீன்கறி வைக்கிற அன்று அவன் எதை எடுக்கிறான் என்று பாருங்கள்.

பிள்ளைகள் எண்ணுவது வேறு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டும் ஒற்றைப் பிள்ளைகள் என்று படுகிறது. நேற்றுவரை வீட்டுக்கு மூத்தவளாக இருந்தவள் ஒரே நாளில் இளையவள். வீடும் அவன் வீடு, அவள் வந்தவள். அவனுக்கோ, அம்மா இருந்த அடுக்களையில் இன்னொருத்தர். அவளுக்கு உள்ளே தாழ்ப்பாள் போடுகிற ஓர் அறை கொடுங்கள், முடியாவிட்டால் பூட்டுச் சாவியோடு ஓர் அலமாரியாவது. இருவரும் போன வருடம்வரை அந்நியர்கள், இருவருக்கும் வளரும் வயது. உடை மாற்றவும் குளிக்கவும் மறைவு வேண்டும். இது அவன்மேல் சந்தேகம் அல்ல, இருவருக்கும் கொடுக்கிற மரியாதை. இப்போதைக்கு அவனைக் கண்டிக்கிற வேலை அவன் அப்பாவுக்கு, அவளைக் கண்டிக்கிற வேலை உங்களுக்கு. மாற்றிச் செய்தால் புண்படும்.

இன்ஷியலை மாற்றாதீர்கள். 2022இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கணவர் இறந்து மறுமணம் செய்த ஒரு தாயிடம், இரண்டாம் கணவரைப் பிள்ளையின் ஆவணங்களில் ‘மாற்றாந்தந்தை’ என்று பதியச் சொல்லியிருந்தது உயர் நீதிமன்றம். அது ஏறக்குறையக் கொடூரம், பிள்ளையின் மனதையும் தன்மதிப்பையும் எப்படிப் பாதிக்கும் என்று பார்க்காதது என்றது உச்ச நீதிமன்றம். அங்கே தந்தை இறந்துவிட்டார். உங்கள் மகளின் அப்பா இருக்கிறார். அந்த இடத்தில் இவர் பெயர் வர வேண்டுமானால் இவர் அவளைச் சட்டப்படி தத்தெடுக்க வேண்டும், அதற்குப் பெற்றவரின் சம்மதம் வேண்டும். அதைவிட, அவளுடைய சம்மதம் வேண்டும். அவளைக் கேட்டீர்களா? ஒரு வீட்டில் இரண்டு இன்ஷியல் இருந்தால் ஒன்றும் குடி முழுகிப்போகாது.

சொத்துப் பேச்சையும் மூடி வைக்காதீர்கள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமானாலும் சரி, கிறிஸ்தவர்களுக்குப் பொருந்துகிற 1925ஆம் ஆண்டுச் சட்டமானாலும் சரி, இவர் உயில் எழுதாமல் போனால் இவர் சொத்தில் உங்கள் மகளுக்கு நேரடிப் பங்கு இல்லை. தன் அப்பாவிடம் அவளுக்குள்ள வாரிசுரிமை விவாகரத்தினால் போய்விடவும் இல்லை. இதை நீங்கள் இருவரும் சேர்ந்து பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அத்தையும் மாமியும் அரைகுறையாகச் சொல்வார்கள். ‘வந்தவள் வீட்டைக் கொண்டுபோய்விடுவாள்’ என்று ஒருத்தர் காதில் போட்டால் போதும், 16 வயதுப் பையனுக்கு ராத்திரித் தூக்கம் போய்விடும்.

ஒரு வருடம் ஆகிவிட்டதே என்கிறீர்கள். அமெரிக்காவில் மேவிஸ் ஹெதரிங்டன் என்ற உளவியலாளர் ஏறக்குறைய 1,400 குடும்பங்களை, சிலவற்றை முப்பது வருடம்வரை, ஆராய்ந்தார். பிரியாத குடும்பப் பிள்ளைகளில் நூற்றுக்கு 10 பேருக்குப் பெரிய சிக்கல்கள் இருந்தன, பிரிந்த குடும்பங்களில் அது 20 முதல் 25. பயப்பட வைக்கிற எண்தான். ஆனால் முக்கால்வாசிப் பிள்ளைகள் தேறிவிட்டார்கள் என்பதும் அதே கணக்குதான். ஊர் வேறு, வீடு வேறு என்றாலும், அவ்வளவு வருடம் பார்த்துச் சொன்னதை நீங்கள் ஒரு வருடத்தில் முடிவுகட்டப் பார்க்கிறீர்கள்.

கடைசியாக ஒன்று. அந்தப் பையனின் அம்மாவைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே வரி: ‘விவாகரத்து வாங்கிப் போய்விட்டார்.’ எங்கே போனார்? அவன் அவரோடு பேசுகிறானா? கடைசியாக எப்போது பார்த்தான்? உங்களுக்குத் தெரியாவிட்டால் இன்று ராத்திரி இவரிடம் கேளுங்கள். சனிக்கிழமை போன் அவனுக்கும் வேண்டியிருக்கும்.