முந்நூறு துண்டுகளும் ஒரு வழக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐரோப்பா பற்றிய குறிப்பு ஒன்றில் 1806 வரை மத்திய ஐரோப்பாவில், பெரும்பாலும் ஜெர்மன் நிலங்களில் இருந்த புனித ரோமப் பேரரசை மெச்சி எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அந்த வரைபடத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. முந்நூறு துண்டு நாடுகள்! அது புனிதமும் இல்லை, ரோமும் இல்லை, பேரரசும் இல்லை என்று பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரே சொல்லிவிட்டார். பக்கத்தில் பிரான்ஸ் ஒரே மன்னரின் கீழ் வலுவாக நின்றது. சிதறிக் கிடந்த இது எண்ணூறு ஆண்டு நீடித்தது தற்செயல்தானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வால்டேர் அதைச் சொன்னது 1756-இல். அந்த ஒற்றை வரி எல்லோர் மனதிலும் தங்கிவிட்டது, அந்தப் பேரரசு எப்படி இயங்கியது என்பது தங்கவில்லை. எனக்கு இது நெடுநாள் வருத்தம். அதே காலத்தில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

அந்தத் துண்டுகளில் ஒன்றான வூர்ட்டம்பெர்க் என்ற நாட்டின் கோமகன் கார்ல் ஆய்கன். அரண்மனை, இசை நாடகம், படை என்று பணத்தை வாரி இறைத்தவர். 1514-ஆம் ஆண்டு டூபிங்கன் ஒப்பந்தப்படி, புதிய வரி போட நாட்டின் பிரதிநிதிகள் சபை சம்மதிக்க வேண்டும். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. சபையின் சட்ட ஆலோசகர் யோஹான் யாகோப் மோசரை 1759-இல் பிடித்து, விசாரணையே இல்லாமல் ஹோஎன்ட்வீல் மலைக்கோட்டையில் அடைத்தார். மோசருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. பேனாவும் மையும் கொடுக்கவில்லை. விளக்குத் திரியை வெட்டும் கத்தரியின் முனையால் பக்திப் பாடல்களைக் கீறிக்கொண்டே ஐந்து ஆண்டுகளைக் கழித்தார்.

நீங்கள் சொல்லும் பிரான்ஸில், மன்னரின் முத்திரைக் கடிதத்தால் சிறைக்குப் போனவர் மன்னருக்கு மேலே போய் முறையிட இடமில்லை. வூர்ட்டம்பெர்க்கில் இருந்தது. 1764-இல் சபை தன் கோமகன் மீதே வியன்னாவில் பேரரசரின் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அந்த ஆண்டே மோசர் வெளியே வந்தார். 1770-இல் கோமகன் இறங்கிவந்து, சபையின் பழைய உரிமைகளை ஏற்றுக் கையெழுத்திட்டார்.

இது ஒரே நாளில் வந்த ஏற்பாடு அல்ல. 1495-இல் வோர்ம்ஸ் நகரில் கூடிய பேரரசின் பேரவை, பிரபுக்கள் தங்களுக்குள் சண்டையிட்டுக் கணக்குத் தீர்ப்பதைத் தடைசெய்து, அதற்குப் பதிலாக ஒரு பொது நீதிமன்றத்தை வைத்தது. 1648-இல் முப்பதாண்டுப் போர் முடிந்தபோது மதச் சண்டைக்கும் இப்படியே வழி கண்டார்கள். ஆயரே ஆட்சி செய்த ஓஸ்னாப்ரூக்கில் ஒரு முறை கத்தோலிக்கர் ஆயரானால் அடுத்த முறை புரொட்டஸ்டன்ட் என்று முறைவைத்துக்கொண்டார்கள். அவ்வளவு ரத்தம் சிந்தியவர்கள் இந்த அளவுக்கு இறங்கிவந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

குறைகள் உண்டு, மறைக்கவில்லை. அந்தப் பொது நீதிமன்றத்தில் பயிற்சிக்காக பின்னாளில் பெரும் கவிஞரான இளம் கோதே 1772-இல் வெட்ஸ்லாருக்குப் போனபோது ஆயிரக்கணக்கான வழக்குகள் தேங்கிக் கிடந்தன. பெரிய ஆட்களை யாராலும் கட்டுப்படுத்த முடியவில்லை. 1740-இல் பிரஷ்ய மன்னர் ஃபிரடெரிக் ஆஸ்திரியாவிடம் இருந்த சிலேசியாவுக்குள் படையோடு நுழைந்தபோது எந்தத் தீர்ப்பும் அவரைத் தடுக்கவில்லை. அப்புறம் நெப்போலியன் வந்தார். 1806 ஆகஸ்ட் 6 அன்று பேரரசர் இரண்டாம் ஃபிரான்ஸ் மணிமுடியைத் துறந்தார்; பேரரசு முடிந்தது.

வூர்ட்டம்பெர்க் அதுவரை காத்திருக்கவில்லை. அப்போது அங்கே ஆண்டவர் கார்ல் ஆய்கனின் தம்பி மகன் ஃபிரீட்ரிக். 1805 டிசம்பர் கடைசியில் நெப்போலியன் ஆஸ்திரியாவோடு செய்த பிரெஸ்பர்க் ஒப்பந்தம் அவருக்கு முழு இறையாண்மையைக் கொடுத்தது. அந்த மாதம் முடிவதற்குள் சபையை ஒழித்துவிட்டார். இந்த முறை யாரும் வியன்னாவுக்குப் போக முடியவில்லை.